இன்னிக்கு கேட்டு வரைக்கும்

இன்று காலை ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கியதும் உள்ளே உன் ஹெல்மெட் இருந்தது. எடுத்து முகர்ந்து பார்த்தேன். அத்தரும் நீ தலைக்கு வைக்கும் எண்ணெயும் கலந்த வாசனை இன்னும் முழுசாகப் போகவில்லை. பார்க்கிங்கில் நின்றுகொண்டு ஐம்பது வயதுக்காரி ஒருத்தி ஹெல்மெட்டை முகர்வதை வாட்ச்மேன் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்த்துக்கொள்ளட்டும்.

என் வீட்டுக்காரருக்குக் கண் பார்வை மங்கி, இனி வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு இந்த ஸ்கூட்டர் தூசி படிந்து கிடந்தது. கல்யாணமான நாள் முதல் பின்னால் உட்கார்ந்தே பழகியவள் நான். கீரை வாங்கக்கூட ஆட்டோ தேட வேண்டியிருந்ததால், வெளியே போவதையே குறைத்துக்கொண்டேன். மேல்மாடியில் குடியிருந்த நீதான் ஒருநாள் இறங்கி வந்து கேட்டாய்.

"இன்னாடி, வண்டிய மியூசியத்துக்குக் குடுத்துடலாமா?"

"எனக்கு ஓட்டத் தெரியாதே."

"ஓட்டவே வேணாம். இன்னிக்கு கேட்டு வரைக்கும் தள்ளிகினு வா. அவ்ளோதான்."

தள்ளினேன். மூச்சு வாங்கியது. டில்லிக்கே போய் வந்தவள் மாதிரி என்னை உட்காரவைத்து டீ போட்டுக் கொடுத்தாய். மறுநாள் ஸ்டார்ட் செய்து, சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு அணைத்தோம். பிறகு தெருமுனை இஸ்திரிக் கடை வரை. நீ பர்தாவைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறி, இரண்டு காலையும் தரையில் தேய்த்தபடியே வருவாய்.

ஒருநாள் நாய் குறுக்கே வந்து, இரண்டு பேரும் இஸ்திரிக் கடை முன்னால் விழுந்தோம். முழங்கை சிராய்த்த எரிச்சலில் கத்தினேன். "இவ்ளோ சொல்றியே, நீ ஓட்டிக் காட்டு பாப்போம்!"

தரையில் உட்கார்ந்தபடியே சிரித்தாய். "எனக்கு சைக்கிளே தெரியாதுடி."

"அப்ப எந்த தைரியத்துல பின்னாடி ஏறினே?"

"உன் தைரியத்துலதான். பெசன்ட் நகர் பீச்சுக்கு என்னை யாராச்சும் இட்டுகினு போணும். ஊட்ல ஒருத்தருக்கும் நேரம் இல்ல. நீ கத்துகினா போதும்."

எனக்கு என் மேலேயே இல்லாத நம்பிக்கையை வைத்துக்கொண்டு நீ இத்தனை நாளும் பின்னால் உட்கார்ந்திருந்தாய். அது புரிந்ததும் நடுத்தெருவில் அழுதேன். வலிக்கிறது போல என்று இஸ்திரிக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அதற்குப் பிறகு மந்தைவெளி மார்க்கெட், லஸ் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் போனோம். பெசன்ட் நகர் போக அடையாறு பாலத்தைத் தாண்ட வேண்டும். அங்கே பஸ்கள் உரசிக்கொண்டு போகும் என்பதால் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் பாலத்துக்குக் கிட்டே போய், முடியாமல் ஓரங்கட்டிவிட்டேன். என் தோள் மேலாக எட்டிப் பார்த்தாய்.

"இன்னிக்குப் பாலம் கண்ணுக்குத் தெரிஞ்சிச்சு இல்ல? போதும், திருப்பு. மழை விடட்டும், தாண்டிக்கலாம்."

மழை விடுவதற்குள் நீ போய்விட்டாய். விடியற்காலையில் நெஞ்சு வலி என்றார்கள். அன்று மாலையே உன்னை அடக்கம் செய்யக் கொண்டுபோனார்கள். பெண்கள் நாங்கள் கேட்டோடு நின்றுவிட்டோம்.

வண்டி மறுபடி தூசி படிந்தது. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரிடமும் சொல்லாமல் கிளம்பினேன். பாலத்தில் பின்னால் வந்த பஸ் ஹாரனை அலறவிட்டது. நான் நிறுத்தவில்லை. பெசன்ட் நகரில் இறங்கி அலையில் கால் நனைத்தபோது சந்தோஷம் வரவில்லை, உன் மேல் கோபம்தான் வந்தது. நீ கேட்டது இந்த ஒன்றைத்தானே. இன்னும் ஒரு மாதம் இருந்திருக்கக் கூடாதா?

இப்போது எல்லா இடத்துக்கும் நானே போகிறேன். அவரைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போவதும் நான்தான். போன வாரம் மகள் பின்னால் ஏறினாள். கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள்: "ஏம்மா இப்படி நுனியில தொத்திக்கிட்டு ஓட்டுற? நடுவுல இன்னொரு ஆள் உக்காரலாம் போலிருக்கு."

உன் உடம்புக்கு முக்கால் சீட்டு வேண்டும். மிச்சமிருந்த இடத்தில் உட்கார்ந்துதான் நான் ஓட்டவே கற்றுக்கொண்டேன். மகள் சொன்னதற்காகக் கொஞ்சம் பின்னால் நகர்ந்து பார்த்தேன். வண்டி தடுமாறியது. மறுபடி முன்னால் வந்துவிட்டேன். எனக்கு இப்படித்தான் ஓட்ட வருகிறது.