டிஸ்க்குக்கு வைத்த பொட்டு

பாவா,

என் தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள், பள்ளிப்பட்டுக்கு அம்மா வீட்டுக்குப் போகிறேன். கோபித்துக்கொண்டு போனதாக நீங்களே கிளப்பிவிடாதீர்கள். புளிக்குழம்பு அடுப்பு மேல் இருக்கிறது. மோட்டார் கொட்டகைச் சாவி வழக்கமான ஆணியில்.

போன வாரம் ஆயுத பூஜையில், டிராக்டருக்கு வைத்த கையோடு உங்கள் கார் ரேஸ் கேம் டிஸ்க்குக்கும் சந்தனம் குங்குமம் வைத்தது தப்புதான். பளபளவென்று இருந்த பக்கம்தான் அதற்கு முகம் என்று நினைத்துவிட்டேன். "இனிமே டிஸ்க்கே வாணாம், நெட்ல வாங்கிக்கிறேன், அங்க உன் கை எட்டாது" என்று கத்தினீர்கள். வாங்கியும் விட்டீர்கள். ஆறு நாளாக இறங்கிக்கொண்டே இருக்கிறது. லைன் போனால் மறுபடி முதலிலிருந்து. நேற்று பாஸ்வேர்டு மறந்ததும், காசு கொடுத்த உங்களையே யார் என்று கேட்டது.

அந்த டிஸ்க்கை ஈரத்துணியால் துடைத்து இன்று காலை போட்டுப் பார்த்தேன். நீ யார் என்று கேட்காமல் ஓடியது. உங்கள் ரெக்கார்டு இப்போது என் பெயரில் இருக்கிறது.

தேவசேனா

அப்பளம் பொரித்து டப்பாவில் வைத்திருக்கிறேன்.

அடுத்த ஆயுத பூஜைக்குள் உங்கள் கேம் இறங்கிவிட்டால், அதற்குப் பொட்டு எங்கே வைப்பது என்று கேட்டு வையுங்கள்.