நான் தலையாட்டிய ஞாயிற்றுக்கிழமை

என் குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் நல்ல சுகமாக இருப்பீர்கள் என்றுதான் வழக்கம்போல ஆரம்பிக்க நினைத்தேன், ஆனால் நீ எப்படி இருக்கிறாய் என்று எனக்கு நிஜமாகவே தெரியாது, அதனால் இந்தத் தடவை அதைக் கேள்வியாகவே கேட்கிறேன், எப்படிம்மா இருக்கிறாய்? இங்கே அப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் கட்டுக்குள் இல்லை. எனக்கு அடுத்த வாரம் இரண்டு காதுக்கும் மெஷின் வருகிறது. நீ என்னோடு பேசி ஐந்து வாரம் ஆகிறது. முதல் வாரம் உனக்கு வேலை ஜாஸ்தி போல என்று இருந்தேன், இரண்டாவது வாரம் கோபம் வந்தது, பெற்றவளுக்கு ஒரு போன் பண்ண நேரமில்லையா அவளுக்கு என்று அப்பாவிடம் கத்தினேன், அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். ஏன் அப்படிப் பார்த்தார் என்று போன செவ்வாய்க்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல எனக்குத் தைரியமும் இல்லை, காதும் இல்லை.

காது விஷயத்தை உன்னிடம் மறைத்தது என் தப்பு. இரண்டு வருஷமாகவே கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. குக்கர் விசில் கேட்காது, கதவு தட்டினால் கேட்காது, அப்பா கூப்பிட்டால் கேட்காது, கல்யாணமான நாளிலிருந்தே இவள் நான் சொல்வதைக் காதில் வாங்கினதில்லை என்று அவர் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார், நானும் சிரித்து மழுப்பிவிடுவேன். வெளியே சொல்ல வெட்கம். வேறு யாராவது என்றால் பரவாயில்லை, நான் யார் என்று பார். இருபத்திரண்டு வயசில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தேன், என் வகுப்பில் காது கேட்காத ஒரு பெண் எல்லாப் பரீட்சையிலும் பூஜ்யம் வாங்கினாள் என்று மனசு கேட்காமல் அதற்கென்று தனியாகப் படித்து, காது கேட்காத பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு மாறி, பதினாலு வருஷம் அங்கே குப்பை கொட்டி, நாற்பத்தோரு வயசில் உன் பத்தாம் வகுப்புப் பரீட்சையோடு போட்டி போட்டுக்கொண்டு ஒரே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஆராய்ச்சி எழுதி முடித்து, அப்புறம் கல்லூரியில் டீச்சர்களுக்கே டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். எனக்கே காது போனால் நான் யாரிடம் போய் நிற்பது? சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். உதட்டைப் பார்த்தே பேச்சு முழுவதையும் புரிந்துகொள்ளலாம் என்பதுதானே என் ஆராய்ச்சி.

செவ்வாய்க்கிழமை காதுக்கு அச்சு எடுக்கப் போனேன். சின்ன அறை, ஒரு சுழலும் நாற்காலி, மேஜை நிறைய பிளாஸ்டிக் காதுகள். அச்சு எடுக்கிற பெண் முகமூடி போட்டிருந்தாள். காதுக்குள் பஞ்சு வைத்து, ரோஸ் கலரில் பிசைந்த மாவு மாதிரி எதையோ இரண்டு பக்கமும் அடைத்தாள், அதற்கப்புறம் இருந்த கொஞ்ச நஞ்சமும் கேட்கவில்லை. முகமூடியைக் கழற்றினாள், பார்த்தால் நம் லொடலொடா. உனக்கு ஞாபகம் இருக்கும், என்னிடம் படித்தவள், பிறவியிலேயே காது கேட்காது, ஆனால் கை ஒரு நிமிஷம் சும்மா இருக்காது, சைகையிலேயே ஊர்வம்பு பேசுவாள், அந்தப் பேரை வைத்ததே நான்தான். சைகை கூடாது என்பது அப்போது பள்ளிக்கூடத்துச் சட்டம். கையைப் பேச விட்டால் வாய் பேசாது என்பார்கள், நானும் அதையே சொன்னேன். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்காரச் சொல்வேன். மணி அடிக்கிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்து என் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். புரிந்ததா என்பேன், தலையாட்டுவாள், நான் அடுத்த கணக்குக்குப் போய்விடுவேன்.

அவள் அன்றைக்கு என்னிடம் ஏதோ நிறையச் சொன்னாள், உதடு நன்றாகத்தான் அசைந்தது. கடைசியில் புரிஞ்சுதா டீச்சர் என்று கேட்டது மட்டும் தெரிந்தது. நான் தலையாட்டினேன். அவள் சிரித்துவிட்டாள், மரியாதைக் குறைவாக இல்லை, ரொம்ப நாள் பழகினவர்கள் சிரிக்கிற மாதிரி. என் டோக்கன் சீட்டின் பின்பக்கம் எழுதிக் காட்டினாள், இது எங்க தலையாட்டல் டீச்சர், எனக்குத் தெரியும், நான் என்ன சொன்னேன்னு திருப்பிச் சொல்லுங்க. எனக்கு ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை. வாயை அசைக்காதீங்க, வெள்ளிக்கிழமை லீவு, வியாழக்கிழமை வாங்க என்று சொன்னாளாம், அவ்வளவுதான். அந்தச் சீட்டிலேயே நான் கேட்டேன், வகுப்பில் உனக்கு எவ்வளவு புரிந்தது என்று. பாதிகூட இல்லை, தலையாட்டினா விட்டுடுவீங்க, அதான் என்று எழுதினாள். என் ஆராய்ச்சியில் நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். தலையாட்டின பிள்ளைக்கெல்லாம் நான் டிக் போட்டேன். அந்த டிக்குகளைக் காட்டித்தான் இன்றைக்கும் அந்தப் பள்ளிக்கூடத்தில் சைகை டீச்சர் வேண்டாம் என்கிறார்கள். நேற்று பள்ளிக்கூடத்துக்கும் கல்லூரிக்கும் எழுதிப் போட்டுவிட்டேன், நான் எண்ணினது தலையாட்டலைத்தான், புரிந்ததை இல்லை, இனிமேல் என் ஆராய்ச்சியை ஆதாரமாகக் காட்ட வேண்டாம் என்று. 

ஆனால் உனக்கு எழுதுவது அதற்காக இல்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது, இந்த இரண்டு வருஷத்தில் யார் யாருக்கெல்லாம் தலையாட்டினேன் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். நீ ஞாபகம் வந்தாய். வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் கேட்டேன், எனக்கு அன்றைக்கு ஒன்றுமே காதில் விழவில்லை, கடைசியாக அவள் பேசின அன்றைக்கு என்ன சொன்னாள் என்று.  அவர் காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுத ஆரம்பித்தார். நான் தாங்க முடியாமல் ஒன்றும் நடக்காத மாதிரி நடிக்கிறேன் என்று நினைத்தாராம், கிளற வேண்டாம் என்று விட்டுவிட்டாராம். தினமும் மாடிப்படியில் நின்று உன்னோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறார். அம்மாவுக்கு ஒண்ணுமே இல்ல போலிருக்குப்பா என்று நீ சொன்னாயாம், அதையும் எழுதினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போன் திரையில் நீ சன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாய், உன் முகம் கறுப்பாகத்தான் தெரிந்தது. வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள், பிள்ளைகளுக்கு உங்கள் உதடு தெரியாது என்று ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில் டீச்சர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான், கொஞ்சம் திரும்பி உட்காரும்மா என்று உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் காது போனது தெரிந்துவிடுமே. உன் தோள் குலுங்கினது, சிரிக்கிறாய் என்று நினைத்தேன். தலையாட்டிச் சிரித்து, நல்லது நல்லது, சந்தோஷம்மா என்று சொல்லிவிட்டு வாஷிங் மெஷின் ரிப்பேரான கதையைச் சொன்னேன், அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போய்விட்டேன்.

நான் இன்னும் அழவில்லை. செவ்வாய்க்கிழமையிலிருந்து சமைக்கிறேன், துணி மடிக்கிறேன், கால் மரத்துப்போனால் நம் கால் என்றே தெரியாதே, அந்த மாதிரி இருக்கிறது. உனக்குக் காது கேட்காததை நானே அவளுக்குச் சொல்லிவிடுகிறேன் என்றார் அப்பா, நான்தான் வேண்டாம் என்றேன். மன்னிப்புக் கேட்டு நாலு பக்கம் எழுதினேன், படித்துப் பார்த்தால் எல்லாம் என்னைப் பற்றியே இருந்தது, கிழித்துப் போட்டேன். லொடலொடா கேட்ட மாதிரி திருப்பிச் சொல்வதுதான் சரி என்று தோன்றுகிறது. நீ அன்றைக்குச் சொன்னது இது.

உனக்கு நாலரை மாசம் ஆகியிருந்தது. ஐந்து முடிந்ததும் நேரில் வந்து சொல்லி என்னை அசத்த வேண்டும் என்று டிக்கெட் எடுத்து வைத்திருந்தாய். புதன்கிழமை காலையில் வேலைக்குக் கிளம்பும்போது வலி வந்தது. மாப்பிள்ளை வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பெண் குழந்தை. உன் கையில் கொடுத்தார்கள், கொஞ்ச நேரம் வைத்திருந்தாய். அம்மா, எனக்கு உன்னைப் பார்க்கணும் போல இருக்கு என்று சொன்னாய். நான் சந்தோஷம் என்றேன்.

இதில் எது தப்பு, எது விட்டுப்போயிருக்கிறது என்று பார்த்துத் திருத்தி அனுப்பு. சிவப்பு மையிலேயே எழுது. நீ வரச் சொன்னால் வருகிறேன், வேண்டாம் என்றாலும் எழுது.

சத்து மாத்திரையை நிறுத்திவிடாதே, பாரம் தூக்காதே, சாப்பிடப் பிடிக்காவிட்டாலும் இரண்டு வாய் சாப்பிடு, மாப்பிள்ளையையும் சாப்பிட வை, அவருக்கும் அது குழந்தைதானே. நீங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் எங்கள் இரண்டு பேருக்கும். என்றைக்காவது மறுபடி திரையில் வந்தால் சன்னலைப் பார்த்து உட்கார். நான் தலையாட்டினால் நம்பாதே, திருப்பிச் சொல்லச் சொல்.

எல்லா ஆசியோடும்,
உன் அம்மா