நீலப் பட்டை

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுகிறேன். நானும், நீ இல்லாத குறை தெரியாமல் என்னைத் திட்டித் திருத்தும் என் மனைவியும் நலம். அத்தானைக் கேட்டதாகச் சொல். போன் இருக்க இவனுக்கு எதற்குத் தபால் என்று நினைப்பாய். போனில் நீ பேச ஆரம்பித்தால் எனக்கு 'ம்' போட மட்டும்தான் இடம் கிடைக்கிறது. தாளில் என்றால் நீ குறுக்கே பேச முடியாது.

ஒரு சமாச்சாரம். இந்த மாதத்திலிருந்து எங்கள் விரிகுடாவில் தண்ணீரும் சிப்பியும் மாதிரி எடுத்து அனுப்புகிற வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். இந்தக் கடலைச் சுற்றியிருக்கும் நான்கு நாடுகளும் சேர்ந்து போட்ட ஒப்பந்தம் உனக்குத் தெரியாததா. அவரவர் தண்ணீரை அவரவரே சோதித்தால் எல்லோரும் 'எங்கள் கடல் சுத்தம்' என்றுதான் சொல்வார்கள். அதனால் எடுப்பது ஒருவர், சோதிப்பது எதிர்க்கரைக்காரர். பட்டியலைப் பார்த்தேன். எங்கள் பெட்டி போய் இறங்குவது உன் ஆய்வுக்கூடத்தில், உன் மேஜையில். கையெழுத்துப் போட்ட பெரியவர்கள் யாருக்கும் நாம் அக்கா தம்பி என்று தெரியாது. நீயாகப் போய்ச் சொல்லிவிடாதே.

படகு ஓட்டுவது யார் தெரியுமா? நம் மாலுமிதான். நீ கல்யாணமாகிக் கப்பல் ஏறிய அன்று உன் டிரங்குப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு, "கல்லையா அள்ளிட்டுப் போறே?" என்று கேட்டாரே, அவரேதான். இப்போது அரசாங்கப் படகு ஓட்டுகிறார். வெள்ளைத் தொப்பி மட்டும் மாறவில்லை. காலையில் வேலைக்கு வருமுன் மனைவியோடு பாறைகளில் சிப்பி பெயர்த்து விற்கிறார், மீதியைச் சாப்பிடுகிறார்.

ஆறு பாட்டில், ஒரு பை சிப்பி, சுற்றிலும் ஐஸ். மூடியில் ஒரு நீலப் பட்டை ஒட்டியிருக்கிறேன். உள்ளே சூடேறினால் அது சிவப்பாகிவிடும், பிறகு தலைகீழாக நின்றாலும் நீலமாகாது என்று பயிற்சியில் சொன்னார்கள். நீலமாகவே உன்னிடம் வந்து சேரும் பார்.

உன் அன்புத் தம்பி

மார்ச் 19

அன்புள்ள பெரிய மனுஷனுக்கு,

உன் கடிதம் நான்காம் நாள் வந்தது. உன் பெட்டி எட்டாம் நாள் வந்தது. தபால்காரர் கொண்டு வந்திருந்தால் நீலமாகவே வந்திருக்கும்.

பட்டை சிவப்பு. பெட்டியை அசைத்தாலே ஐஸ் எல்லாம் தண்ணீராகத் தளும்புகிறது. சிவப்பாக வந்தால் பெட்டியைத் திறக்காமலே 'செல்லாது' என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். தம்பி அனுப்பிய முதல் பெட்டிக்கே இப்படி எழுத வேண்டியதாகிவிட்டதே. அடுத்த முறை சரியாக வரும், மனசை விடாதே.

இன்னொன்று. பெட்டியின்மேல் ஒட்டி வரும் படிவத்தில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருக்கிறது. கடலில் வித்தியாசமாக ஏதாவது கண்டால் எழுதுவதற்கு. அதில் 'அக்கா, சாப்பிட்டாயா?' என்று எழுதி வைத்திருக்கிறாய். என் மேலதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "சாப்பிட்டாயா என்றால் எந்த அளவுகோல்?" என்று கேட்டார். சிப்பிகள் இரை எடுக்கின்றனவா என்று விசாரிக்கிறார்கள் என்று சொல்லிச் சமாளித்தேன். இனிமேல் இந்த விளையாட்டெல்லாம் வேண்டாம். (சாப்பிட்டேன்.)

மாலுமியை மிகவும் விசாரித்ததாகச் சொல். அந்தப் பெட்டியில் இருந்தது கல் இல்லை, என் புத்தகங்கள் என்றும் சொல்.

அன்புடன்,
அக்கா

ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த முறை 'குறிப்பு' கட்டத்தில் ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறேன். 'தண்ணீர் செம்மண் கரைத்ததுபோல் இருக்கிறது. துர்நாற்றம். கரையில் செத்த மீன்கள், ஒன்பது பறவைகள்.' எண்ணித்தான் எழுதினேன். மாலுமி படகை நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இருபது வருஷமா இதுல ஓடறேன், இந்தக் கலர் பார்த்ததில்ல" என்றார்.

பெட்டி ஏன் தாமதமாகிறது என்று இப்போதுதான் கண்டுபிடித்தேன். துறைமுகத்தில் சுங்கப் படிவம் நிரப்ப வேண்டும். அதில் 'சரக்கின் விலை' என்று ஒரு கட்டம். கடல் தண்ணீருக்கு நான் என்ன விலை எழுத? பூஜ்யம் போட்டால் கம்ப்யூட்டர் ஏற்க மாட்டேன் என்கிறது. ஒன்று என்று போட்டால், "அப்ப இது ஏற்றுமதி, லைசென்ஸ் எங்கே?" என்கிறார் அதிகாரி. மேலே எழுதிக் கேட்டிருக்கிறாராம். பதில் வராவிட்டால் சில நாள் கழித்துத் தற்காலிக அனுமதியில் விடுகிறார்களாம், அதுவரை பெட்டி கிடங்கில்தான். தகரக் கூரை போட்ட கிடங்கு. முத்திரை வைத்த பெட்டியைத் திறந்து ஐஸ் மாற்றவும் கூடாது. மூன்று நாள் நடையாய் நடந்தேன். கடைசியில் நான் செய்ய முடிந்தது, என் சட்டையை நனைத்துப் பெட்டியின்மேல் போட்டுவிட்டு பனியனோடு வீட்டுக்கு வந்ததுதான். என் மனைவி கேட்ட கேள்விகளை எழுதத் தாள் போதாது.

அக்கா, இங்கே இதைச் சோதிக்கும் மெஷின் கிடையாது. நான்கு நாட்டுப் பணத்தில் வாங்கியது உன்னிடம்தான் இருக்கிறது. எப்படியாவது பார்.

உன் தம்பி

ஏப்ரல் 24

அன்புள்ள தம்பிக்கு,

போனில் பேச முடியாத விஷயம், இதைப் படித்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிடு.

இந்தப் பெட்டியும் சிவப்பாகத்தான் வந்தது. 'செல்லாது' என்று பதிவேட்டில் எழுதினேன். ஆனால் உன் குறிப்பைப் படித்த பிறகு கை நிற்கவில்லை. மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது நாலு சிப்பியை எடுத்து மெஷினில் போட்டேன். விஷம் இருக்கிறது. அனுமதித்த அளவைப்போல் ஐந்து மடங்கு. தண்ணீரைச் சிவப்பாக்குகிற அந்த நுண்பாசியைத் தின்று சிப்பிக்குள் சேர்கிற விஷம் அது. சிப்பியைப் பார்த்தால் தெரியாது, ருசியிலும் தெரியாது, வேகவைத்தாலும் போகாது. முதலில் உதடு மரத்துப்போகும். கடைசியில் மூச்சு.

நீங்கள் யாரும் சிப்பியைத் தொடாதீர்கள். மாலுமியிடமும் மற்றவர்களிடமும் சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே.

ஏன் இதைப் பதிவேட்டில் எழுதவில்லை என்று கோபப்படாதே. சிவப்புப் பட்டை வந்த பெட்டியில் எதைக் கண்டாலும், வெயிலில் கெட்டுப்போன சிப்பி என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். அதோடு போகாது. ஐந்து வருஷம் முன்பு எங்கள் ஆள் ஒருவர் இப்படித்தான் செல்லாத பெட்டியைச் சோதித்து விஷத்தின் அளவை வெளியே சொன்னார். 'எங்களை மாட்டிவிடப் பார்க்கிறார்கள்' என்று ஒரு நாடு எழுந்து போய்விட்டது. இரண்டு வருஷம் இந்தக் கடலில் யாருமே ஒரு பாட்டில் தண்ணீர் எடுக்கவில்லை. ஒன்பது வருஷம் பேசிப் பேசிச் சேர்த்த ஒப்பந்தம் இது. என் கையால் உடைய வேண்டாம்.

நல்ல பெட்டி ஒன்று அனுப்பு. ஒன்றே ஒன்று நீலமாக வரட்டும், அன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

அக்கா

மே 4

அன்புள்ள அக்காவுக்கு,

சொன்னேன். பாறைப் பக்கம் போய் ஒவ்வொருவரிடமும் சொன்னேன். "யார் சொன்னா? பேப்பர் இருக்கா?" என்கிறார்கள். போன வருஷம் எண்ணெய்க் கசிவு என்று அலுவலகம் சொன்னதைக் கேட்டு நான்தான் இவர்களைப் பத்து நாள் வீட்டில் உட்கார வைத்தேன். கடைசியில் ஒன்றுமில்லை என்றாகிவிட்டது. அந்தப் பத்து நாளை இன்னும் என்னிடம் கேட்கிறார்கள். துறைமுக அதிகாரியிடம் போனேன். "எதிர்க்கரை ஆய்வுக்கூடம் சொல்லாம நான் கடலை மூட முடியாது தம்பி. உனக்குக் கனவுல வந்துச்சா?" என்றார். எனக்குத் தெரியும் என்றும் சொல்ல முடியவில்லை, தெரியாது என்றும் சொல்ல முடியவில்லை. திரும்பி நடந்து வந்துவிட்டேன்.

மாலுமியிடம் மட்டும் மனசு கேட்காமல் உண்மையைச் சொல்லிவிட்டேன். திட்டாதே. அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு சொன்னார்: "உன்னை நம்பாம இல்ல தம்பி. வீட்டுக்காரி நம்பணும், வாங்கறவன் நம்பணும், பக்கத்துப் பாறைக்காரன் நிறுத்தணும். நான் மட்டும் நிறுத்தினா என் பாறையை அவன் பெயர்த்துட்டுப் போவான். உங்க அக்கா படிச்சவங்க. ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கட்டும். அந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டோம்."

ஒரு வரி, அக்கா. கேட்டுக்கொண்டு வருவதற்கு எனக்கு உன்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்? நல்ல பெட்டி அனுப்பு என்கிறாய். இந்த மாதப் பெட்டியும் கிடங்கில்தான் இருக்கிறது. விலைக் கட்டத்துக்கு மேலேயிருந்து பதில் வரவில்லை.

உன் தம்பி

மே 13

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். முடியாதுடா. என் கையெழுத்தோடு அந்தத் தாள் வெளியே வந்தால் என் வேலை போவது ஒரு பக்கம். உங்கள் சர்க்கார்தான் முதலில் கேட்கும், செல்லாத பெட்டியை எப்படித் திறந்தாய் என்று. அடுத்த மாதம் உன் பெட்டியை வாங்க இங்கே ஆளே இருக்காது.

ஒப்பந்தத்தை நடத்தும் கூட்டுச் செயலகத்துக்குச் சுங்க விஷயத்தை விவரமாக எழுதியிருக்கிறேன். ஆகஸ்ட் கூட்டத்தில் எடுத்துக்கொள்கிறார்களாம், பதினான்காவது பொருளாக. அதுவரை பொறுத்துக்கொள். மாலுமியிடம் என் பேரைச் சொல்லிக் கெஞ்சிப் பார். நான் கேட்டுக்கொண்டதாகவே சொல்.

அக்கா

மே 21

அக்கா,

மாலுமி போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை வேலைக்கு வந்தபோது சிரித்துக்கொண்டுதான் வந்தார். "விசில் அடிக்க வரலப்பா, உதடு பேச்சுக் கேக்கல" என்றார். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். விற்காமல் மீந்ததை அவர் மட்டும் வேகவைத்துச் சாப்பிட்டாராம். "நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஆட்டோவில் என் தோளில் சாய்ந்துகொண்டார். அங்கே போனபோது பேச்சில்லை. கண் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. டாக்டர் என்ன விஷம் என்று கேட்டார், சொன்னேன். எப்படித் தெரியும் என்றும் கேட்டார். மூச்சுக்கு வைக்கிற மெஷின் ஒன்றுதான் இருந்தது, அதில் வேறொருவர் இருந்தார். மதியத்துக்குள் முடிந்துவிட்டது.

உன் மே 13 கடிதம் மறுநாள்தான் வந்தது. நீ கெஞ்சச் சொன்னதை நான் யாரிடம் கெஞ்ச?

சடங்கெல்லாம் முடிந்து கிளம்பும்போது அவர் மனைவி வாசல்வரை வந்தாள். "உங்க அக்காகிட்டக் கேக்கறேன்னு சொன்னீங்களே தம்பி, என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை அக்கா. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

இப்போது கடலை மூடிவிட்டார்கள். விசாரணை முடியும்வரை மாதிரி எடுக்கவும் யாரும் இறங்கக் கூடாதாம்.

தம்பி

ஜூலை 9

அன்புள்ள தம்பிக்கு,

மே மாதத்துக்குப் பிறகு நான் எழுதிய மூன்று கடிதங்களுக்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை. போனையும் நீ எடுப்பதில்லை. உன் மனைவி எடுத்து, குளிக்கிறார் என்கிறாள். ஒரு மாதமாகக் குளிக்கிறாய். பரவாயில்லை. நீ படித்தால் போதும்.

உன் பெட்டி ஜூலை 2 அன்று வந்தது. சுங்கத்தில் ஐந்து நிமிஷம்கூட நிற்கவில்லை என்று கொண்டு வந்தவர் சொன்னார். விசாரணை வந்ததும், ஆகஸ்ட் கூட்டத்துக்குக் காத்திராமல் 'சரக்கின் விலை' கட்டத்தையே எடுத்துவிட்டார்களாம். மூடியைப் பார்த்தேன். பட்டை நல்ல நீலம். இந்த வருஷத்தில் உங்கள் கரையிலிருந்து வந்த முதல் நீலம். கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை.

மூன்று தடவை சோதித்தேன். மூன்று தடவையும் அளவுக்குள்தான் இருக்கிறது. ஆறு வாரமாகக் கடல் அடித்துக் கழுவியதில் பாசி கலைந்துவிட்டது, சிப்பியும் விஷத்தை வெளியேற்றிவிட்டது. 'பாதுகாப்பானது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். போடாமல் என்ன செய்வேன்? உண்மை அதுதானே. ஆண்டறிக்கையில் உங்கள் விரிகுடாவுக்கு ஒரே வரி வருகிறது. 'இந்த ஆண்டில் பெறப்பட்ட செல்லத்தக்க மாதிரிகள் அனைத்தும் பாதுகாப்பான அளவில் இருந்தன.' நான்கு நாடுகளும் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்ட வரி அதுதான் என்று மேலதிகாரி மகிழ்ந்துபோனார். மாலுமி அதில் இல்லை.

உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. முடியாது என்று உனக்கு எழுதிப் போட்ட மறுநாளே அந்த ஒரு வரியை எழுதினேன். ஆய்வுக்கூடத் தாளில், விஷத்தின் அளவோடு, என் கையெழுத்தோடு. உறையில் போட்டு ஒட்டி விலாசமும் எழுதிவிட்டேன். கைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் அலைந்தேன். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்திலேயே தபால் பெட்டி. தினமும் காலையில் அதைத் தாண்டித்தான் பஸ் ஏறினேன். நாளைக்குப் போடலாம், நாளைக்குப் போடலாம் என்றே போய்விட்டது. போட்டிருந்தால் அந்தத் திங்கட்கிழமைக்கு முன்னால் வந்து சேர்ந்திருக்குமா என்று நாள் எண்ணிப் பார்க்கிறேன். நான்கு நாளில் வருகிற தபால்தானே, வந்திருக்கும் என்று ஒரு நாள் சொல்கிறது கணக்கு; முந்தைய நாள் கடிதமே தாமதமாகத்தானே வந்தது, வந்திருக்காது என்று ஒரு நாள் சொல்கிறது. உன் அத்தான் அதை நிறுத்தச் சொல்கிறார்.

அந்த உறையை இத்துடன் வைத்திருக்கிறேன். தேதியை மாற்றவில்லை. மாலுமியின் மனைவியிடம் காட்டு. துறைமுக அதிகாரியிடம் காட்டு. யாரிடம் காட்டினாலும் எனக்குச் சம்மதம். என் வேலை போனால் போகட்டும். நீ ஒரு வார்த்தை எழுது. திட்டியாவது எழுதுடா.

உன் அக்கா

ஜூலை 22

பெறுநர்: ஆய்வாளர், கூட்டுக் கண்காணிப்பு ஆய்வுக்கூடம்

மதிப்பிற்குரிய ஆய்வாளர் அவர்களுக்கு,

வணக்கம். விரிகுடா மாதிரிப் பெட்டி இன்று காலை அனுப்பப்பட்டது. தண்ணீர் ஆறு பாட்டில், சிப்பி ஒரு பை. அனுப்பும்போது பட்டை நீல நிறத்தில் இருந்தது. படகு ஓட்டுநர் புதியவர்.

மே 14 தேதியிட்ட தங்கள் தாள் ஒன்று எங்களுக்கு வந்தது. அது இங்கே யாருக்கும் காட்டப்படவில்லை. இனி இங்கே அதற்குத் தேவை இல்லாததால் இத்துடன் திருப்பி அனுப்பப்படுகிறது. தங்கள் வேலைக்கு இடையூறு எதுவும் வராது.

குறிப்பு: ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
மாதிரி சேகரிப்பாளர்