கண்ணாடியில் படிந்த இரண்டு மூச்சு

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. வீட்டில் மூவரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே குளிருக்குப் பழகி நலமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். சந்தோஷத்தில் முன்பின்னாக உளறிவிடுவேனோ என்ற பயத்தில், சொல்ல வேண்டியதை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. உன் மகள் மூக்கால் மூச்சு விடுகிறாள்.
2. அது எப்படி நடந்தது.
3. அவள் வாயில் மாட்டிய கருவியைக் கழற்ற இன்னும் ஆறு மாதம் ஆகும். அதுவரை அவள் இங்கேதான் இருக்க வேண்டும், அடுத்த மாதம் நீ அழைத்துப்போக முடியாது.

முதல் விஷயம். ஞாயிறு மதியம் சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் மூடியிருந்தது, குறட்டை இல்லை. ஒன்பது வருடமாகத் திறந்த வாயையே பார்த்தவனுக்கு முதலில் பயம்தான் வந்தது. சவரக் கண்ணாடியை எடுத்து மூக்கடியில் பிடித்தேன். போன மாதம் இடது பக்கம் மட்டும் மூச்சு பட்டு மங்கலாக ஒரு கீற்று விழுந்த அதே கண்ணாடியில் இப்போது இரண்டு வட்டம், ஒரே அளவில். உன் அம்மா கரண்டியோடு வந்து, தூங்குற பிள்ளைக்குப் பரீட்சை வைக்கிற ஆளை இங்கதான் பார்க்கிறேன் என்று திட்டினாள். திட்டிவிட்டு, கண்ணாடியை வாங்கித் தானும் ஒருமுறை வைத்துப் பார்த்தாள்.

இரண்டாவது. மேல்தாடையை விரிக்கும் கருவி என்று பல் டாக்டர் சொன்னபோது எனக்கு நம்பிக்கையே இல்லை. பல்லுக்கும் மூக்குக்கும் என்னம்மா சம்பந்தம், மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுற மாதிரி இருக்கே என்று கேட்டுவிட்டேன். அந்தப் பெண் கோபிக்கவில்லை. மாடி வீடு மாதிரி நினைச்சுக்கோங்க சார், வாயோட கூரைதான் மூக்கோட தரை, கூரை அகலமானா மேல் அறையும் கொஞ்சம் அகலமாகும் என்றார். இந்த வயதில் அண்ணத்தின் நடு எலும்பு இன்னும் இறுகியிருக்காதாம், அதனால்தான் விரிகிறதாம். எல்லாருக்கும் மூச்சு திறந்துவிடும் என்று வாக்குத் தர முடியாது என்றும் சொன்னார். மூக்கு டாக்டர் ஏற்கெனவே பார்த்து, சதை வளர்ச்சி இல்லை, வழிதான் குறுகல் என்று எழுதிக் கொடுத்திருந்ததால் துணிந்தோம். கருவியின் திருகாணியை ஒரு சின்னச் சாவியால் தினமும் காலை ஒரு கால் சுற்று, இருபத்துநான்கு நாள். தொண்டைக்குள் தவறி விழக்கூடாதென்று சாவியை நூலால் என் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, திருகியதும் நாள்காட்டியில் குறித்தேன். நான் என்ன சுவர்க்கடிகாரமா தாத்தா, தினம் சாவி குடுக்கிறீங்க என்பாள் வாலு. பதினோராம் நாள் முன்பற்களுக்கு நடுவில் இடைவெளி தெரிந்தது. குழந்தையின் முகத்தையே கெடுத்துவிட்டேன் என்று, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். அது விழணும் சார், எலும்பு திறக்குதுன்னு அடையாளம், பிறகு சேர்ந்துடும் என்று டாக்டர் சிரித்தார். அன்றிலிருந்து உன் அம்மாவுக்கு நான் திருகாணி டாக்டர்.

மூன்றாவதை எழுதுமுன், இதுவரை எழுதியதில் பிழை இருக்கிறதா பார் என்று வாலுவிடம் கொடுத்தேன். முன்பெல்லாம் வரிக்கு வரி வாயைப் பிளந்து மூச்சு வாங்கியவள், பக்கம் முழுவதையும் உதடு பிரியாமல் படித்தாள். படித்து முடித்து, நான் இங்கேயே இருக்கணும்னு டாக்டர் ஆன்ட்டி சொல்லலையே தாத்தா, திருகுறது முடிஞ்சாச்சு, இனிமே ஆறு மாசம் கருவி சும்மா இருக்க வேண்டியதுதான், அம்மா ஊர் டாக்டரே பார்த்துக்கலாம்னு ஒரு லெட்டர் குடுத்தாங்களே, அது உங்க சட்டைப் பையிலதானே இருக்கு என்றாள்.

இருந்தது. நான்கு நாளாக இருந்தது. அந்தக் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அங்கே போனதும் முதல் வாரமே டாக்டரிடம் காட்டு, மறக்காதே. இரவில் பல் துலக்கும்போது கருவியின் அடியிலும் துலக்கச் சொல். இருவரும் நீண்ட ஆயுளோடு நிறைவாக இருங்கள்.

மூன்றாவது விஷயத்தில் அவள் இங்கேதான் இருக்க வேண்டும் என்றது தவறு. அது டாக்டர் சொன்னதல்ல, என் ஆசை. அடுத்த மாதம் வந்து அவளை அழைத்துப்போ.

உன் அன்புள்ள
அப்பா