பூஜையன்று அணைத்த சர்வர்

கள்ளக்குறிச்சி
16.10.2025

அன்புள்ள மணிமொழிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம், உன் சர்வர்தான் நலமில்லை. டப்ளினில் குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ. போனில் நான் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது, அதனால்தான் முழுவதையும் எழுதி அனுப்புகிறேன், பொறுமையாகப் படி.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அங்கிருந்தபடியே நீ அப்டேட்டை ஓடவிட்டாய், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பூஜையன்று காலையில் அப்பா டிராக்டருக்கும் மோட்டாருக்கும் பொட்டு வைத்துவிட்டு வந்து, புத்தக அலமாரியில் நம் போட்டோக்களையெல்லாம் சேர்த்து வைத்திருக்கும் அந்தச் சர்வர் பெட்டியின் ஒயரைப் பிடுங்கி, அதற்கும் பொட்டு வைத்துக் கூடத்தில் மற்ற சாமான்களோடு வைத்துவிட்டார். ஏன் என்றேன். "எல்லாத்துக்கும் ஒரு நாள் லீவு உடறோம், இது மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு? நான் இன்னாத்தக் கண்டேன், பச்சையா லைட்டு எரிஞ்சிகினு இருந்துது, அணைச்சேன்" என்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவருக்கும் யாரும் சொல்லவில்லையே. மறுநாள் போட்டால் பராமரிப்பு நடக்கிறது, சற்று நேரம் கழித்து வரவும் என்ற ஒரே வரி. ஒன்பது நாள் அந்த வரியைத்தான் பார்த்தேன். நீ சொன்னபடி அமைப்புக் கோப்பில் பராமரிப்பு என்ற வரியில் இருந்த ட்ரூ என்பதை ஃபால்ஸ் என்று மாற்றினேன், வரி போய் வெள்ளைத் திரை வந்தது. அப்டேட் நடுவில் நின்றதால் நிரலில் பாதி புதிது, பாதி பழையது, அதனால் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்பதை நானே தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். பேக்கப் இருக்கிறது என்றாய், தேடினால் அதுவும் அதே டிஸ்க்கில்தான் கிடக்கிறது. கடைசியில், "எல்லாத்தையும் அழிச்சிட்டு புதுசா போட்டுக்கலாம்மா, போட்டோதான் போன்ல இருக்குமே" என்றாய். இல்லை மணி. சர்வருக்குப் போனதும் போனிலிருந்து அழிந்துவிடும்படி அமைத்துக் கொடுத்ததே நீதான்.

எங்கள் வெள்ளிமலைப் பள்ளியில் சமைக்கும் வெள்ளச்சியைச் சொல்லியிருக்கிறேன். அவள் வீட்டுக்காரர் காத்தானின் மலைக்கொல்லை நிலத்துக்குப் பட்டா கேட்டுப் போட்ட மனு பல வருடமாக நிற்கிறது. இடையில் பயிர் வைக்காமல் போட்டுவிட்டார்கள் என்று யாரோ எதிர்மனு கொடுத்திருக்கிறார்கள். ஆறு வருடமாக அவர்கள் சாமை விதைக்கும்போதும் அறுக்கும்போதும் நான் எடுத்த படங்கள்தான் அதற்குப் பதில், விசாரணையோ பதினான்காம் தேதி. படங்கள் கிடைக்காமல் போனாலும் போகலாம் என்று வெள்ளச்சியிடம் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைக்காமலே, "நீங்க வெச்சிக்கினு இருக்கீங்கன்னுதான் டீச்சர் நாங்க வேற யாரையும் எடுக்கச் சொல்லல" என்றாள். கோபமே இல்லாமல்தான் சொன்னாள். அன்று முழுக்க என்னால் சரியாகப் பாடம் நடத்த முடியவில்லை.

சனிக்கிழமை டிஸ்க்கைக் கழற்றிப் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள ராஜேஷ்குமார் கம்ப்யூட்டர் கடைக்குக் கொண்டுபோனேன். "இன்னா டீச்சர், பெட்டிக்குப் பொட்டு வெப்பாங்க, நீங்க டிஸ்க்குக்கும் வெச்சி எடுத்தாந்துகிறீங்க, பொண்ணு பாக்கவா போறீங்க?" என்று சிரித்தார், நான் கழற்றும்போது பெட்டியில் அப்பா வைத்த பொட்டின் குங்குமம் ஒட்டியிருந்திருக்கிறது. அவருடைய கம்ப்யூட்டரில் மாட்டியதும் ஃபார்மட் செய்யவா என்று கேட்டது. "அத்தக் குடுத்தா தொறந்துக்கும்" என்று சொல்லிக்கொண்டே மௌஸை நகர்த்தினார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்து, கையை எடுங்கள் என்று கத்திவிட்டேன். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் கடைத்தெருவில் குரல் உயர்த்தி நீ பார்த்திருக்கிறாயா? விண்டோஸில் அந்த டிஸ்க் திறக்காது, லினக்ஸில்தான் திறக்கும் என்று படித்திருந்தேன். அவர் முணுமுணுத்தபடி லினக்ஸை ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கம்ப்யூட்டரைத் தொடங்கினார். திறந்தது. என் பெயரில் ஒரு ஃபோல்டர், வருட வாரியாக ஒரு படம்கூடக் குறையவில்லை. உன் அப்டேட் நிரலைத்தான் குலைத்திருந்தது. அழிச்சிடலாம் என்று நீ சொன்னதை நான் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மட்டும் யோசித்துப் பார்.

விசாரணையில் படங்களை வாங்கிக் கோப்பில் சேர்த்துக்கொண்டார்கள். முடிவு சொல்லவில்லை, அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். காத்தான் மட்டும் வெளியே வந்து தன் கொல்லைப் படத்தை உற்றுப் பார்த்து, மூன்றாம் வருடம் களை ஜாஸ்தி என்று வெள்ளச்சியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

நம் படங்கள் நம் வீட்டிலேயே இருக்கட்டும், எவன் கம்பெனியிலும் வேண்டாம் என்று நீ சொன்னபோது எனக்குப் பிடித்திருந்தது, இப்போதும் பிடித்திருக்கிறது. ஆனால் வீட்டில் இருப்பவள் நான். தனி டிஸ்க் ஒன்று வாங்கி எல்லாவற்றையும் இன்னொரு பிரதி எடுத்துவிட்டேன். சர்வரை இனிமேல்தான் சரிசெய்ய வேண்டும். என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகத் தமிழில் எழுதி அனுப்பு, தட்டச்சு செய்வது நானாக இருக்கட்டும், நீ போனில் கூட இரு. அதுவரை நீ அங்கிருந்து நுழைய முடியாது, கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

தீபாவளிக்கு அதிரசமும் முறுக்கும் அனுப்பியிருக்கிறோம், வந்ததும் சொல். வேளைக்குச் சாப்பிடு. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

அன்புடன்,
உன் அம்மா
செந்தமிழ்ச்செல்வி