கோழித் தலை ஜின்-ஃபாவின் பக்கம் நின்றது

காங்ஷான்
விளக்குத் திருநாளுக்கு மறுநாள்

அன்பு மகன் அ-ஹெங்குக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் சுகம், நீ அந்தக் குளிர் தேசத்தில் சுகமாக இருக்கவேண்டும் என்று இன்று காலைகூட மண் தெய்வத்தின் கோயிலில் ஊதுபத்தி ஏற்றிவிட்டுத்தான் வந்தேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் மட்டும் குறையவில்லை, இந்தக் காலத்தில் யாராவது கடிதம் எழுதுவார்களா, கூப்பிட்டுப் பேசினால் ஆகாதா என்று இப்போதுகூட முணுமுணுக்கிறார். கூப்பிட்டால் திரையில் உன் முகம் தெரியும். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

உன்னை எட்டுப் பேருக்குத் தலைவனாக்கியிருக்கிறார்கள் என்று ஊரெல்லாம் சொல்லி அப்பா மானத்தை வாங்குகிறார். ஆனால் அதில் லோட்டே என்கிற பெண் வேலையில் தப்பு மேல் தப்பு செய்கிறாள், அவளிடம் சொல்ல வாய் வராமல் அவள் வேலையையும் நீயே திருத்திக்கொண்டிருக்கிறாய் என்று எழுதியிருந்தாய். பத்தொன்பது வருஷம் திருகாணிக் கம்பெனியில் பரிசோதனைப் பிரிவைக் கட்டி மேய்த்தீர்களே, இதையெல்லாம் எப்படிச் சொல்வீர்கள் அம்மா என்றும் கேட்டிருந்தாய். அதைப் படித்துவிட்டு நின்றவள்தான், அடுப்பில் கஞ்சி தீய்ந்து வாசனை வந்த பிறகுதான் அசைந்தேன். போயும் போயும் என்னிடம் கேட்டாயே, மகனே.

புத்தாண்டன்று ஃபா மாமா எப்படி இருக்கிறார் என்று விசாரித்தாய். சின்ன வயதில் உன் சைக்கிள் சங்கிலி கழன்றபோதெல்லாம் மாட்டிக் கொடுத்தவர், நீ மறக்கவில்லை. அவராகவே வேலையிலிருந்து நின்றுகொண்டார் என்று சொன்னேன். அது பொய். நடந்தது இதுதான்.

போன இலையுதிர் காலத்திலிருந்தே உன் ஃபா மாமா, எங்கள் பிரிவின் ஜின்-ஃபா, பார்த்து அனுப்பிய பெட்டிகளில் மரை தேய்ந்த திருகாணிகள் தப்பிப் போக ஆரம்பித்தன. இருபத்தாறு வருஷமாக ஒரு சொத்தையைக்கூட விட்டதில்லை அந்த மனிதன். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "அக்கா, அவர் கண்ணுல ஏதோ கோளாறு போல. நீங்க பக்குவமா பேசுங்க. டாக்டர்கிட்ட காட்டட்டும், அதுவரைக்கும் குடோன்ல உக்காரட்டும். வருஷக் கடைசி விருந்துக்குள்ள சொல்லிடுங்க" என்றார். நல்ல மனிதர், இதைவிட யார் நல்லதாகச் சொல்வார்கள்? சரி சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ஜின்-ஃபாவை என் மேசைக்குக் கூப்பிட்டேன். அவர் அம்மாவின் உடம்பை விசாரித்தேன், இரண்டு கொய்யாப்பழம் கொடுத்தேன், அனுப்பிவிட்டேன். அடுத்த வாரமும் கூப்பிட்டேன், அப்போதும் கொய்யாப்பழம்தான். "என்னக்கா, நம்மளை மார்க்கெட்டுன்னு நெனச்சீங்களா, பழமா அள்ளித் தர்றீங்க" என்று அவர் சிரித்தார். நானும் பல்லைக் காட்டினேன். அவர் கண்ணைப் பற்றிச் சொன்னால் அவர் முகம் எப்படி ஆகும் என்பதைப் பார்க்க எனக்குப் பயம். அதை இரக்கம் என்று நினைத்துக்கொண்டேன், வெட்கக்கேடு.

சாப்பாட்டுக்குப் பிறகு விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் மேசையில் தலை சாய்த்துத் தூங்குவார்களே, அந்த அரை மணி நேரத்தில் நான் மெதுவாகப் போய் ஜின்-ஃபாவின் பெட்டிகளைத் திறந்து கைவிளக்கு வெளிச்சத்தில் மறுபடி பார்ப்பேன். சொத்தைகளை எடுத்து என் பையில் போட்டுக்கொள்வேன். அவர் இரண்டு முழம் தள்ளிக் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். இரண்டு மாதம் இப்படியே ஓடியது. விருந்தன்று காலையில் முதலாளி, "பேசிட்டீங்கதானே?" என்று கேட்டார். பேசிவிட்டேன் என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

அந்த விருந்தில் அவித்த கோழி வருமே, அதன் தலை யார் பக்கம் நிற்கிறதோ அவனுக்குப் புது வருஷத்தில் வேலை இல்லை என்று அந்தக் காலத்தில் அர்த்தம். இப்போது யாரும் அப்படிச் செய்வதில்லை, முதலாளிகள் சிரித்துக்கொண்டே தலையைத் தங்கள் பக்கம் திருப்பிக்கொள்வார்கள். எங்கள் முதலாளியும் திருப்பிவிட்டு, கோப்பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார். நான் மீன் எடுப்பதற்காக மேசை நடுவிலிருக்கும் சுழல்தட்டைச் சுழற்றினேன். கோழித் தலை ஜின்-ஃபாவின் முன்னால் போய் நின்றது. "ஐயையோ, ஃபா அண்ணனுக்குச் சீட்டுக் கிழிஞ்சுது!" என்று பாக்கிங் பெண்கள் கூச்சல் போட்டார்கள். சத்தியமாக நான் வேண்டுமென்று நிறுத்தவில்லை. ஆனால் என் விரல் இன்னும் சுழல்தட்டின் விளிம்பில்தான் இருந்தது. ஒரு சாண் தள்ளியிருந்தால் போதும். தள்ளவில்லை. நான் சொல்லாததைக் கோழி சொல்லிவிட்டுப் போகட்டும் என்று ஒரு நொடி தோன்றியது, அந்த ஒரு நொடியை நான் விட்டுவிட்டேன். அவர் கோழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் சூப்பைப் பார்த்தேன். அவர் சாப்பாட்டுக் குச்சியால் அந்தத் தலையை எடுத்துத் தன் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு, "தலைன்னா எனக்கு உசுரு, ஒருத்தரும் பங்குக்கு வராதீங்க" என்றார். மேசையே சிரித்தது.

மறுநாள் என் மேசையில் அவருடைய பூதக்கண்ணாடி துடைத்து வைத்திருந்தது, கூடவே விலகல் கடிதம். வீட்டில் வேலை இருக்கிறதாம், இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டதற்கு நன்றியாம்.

புத்தாண்டு ஐந்தாம் நாள் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். ஒரு கண்ணில் கட்டுப் போட்டிருந்தார். கண்புரையாம், ஒரு மணி நேரம்கூட ஆகவில்லையாம் எடுப்பதற்கு. நான் இலையுதிர் காலத்திலேயே வாயைத் திறந்திருந்தால் இன்றைக்கு அவர் தன் நாற்காலியில் இருப்பார். அவர் எனக்குத் தேநீர் ஊற்றிவிட்டு, "தினமும் மத்தியானம் நீங்க என் பெட்டியைத் திறக்கற சத்தம் கேக்கும்க்கா. தூங்கற மாதிரி படுத்திருப்பேன். கண்ணு தெரியலன்னு நானா சொல்ல வெக்கமா இருந்துச்சு. இன்னைக்குச் சொல்லிடுவாங்க, இன்னைக்குச் சொல்லிடுவாங்கன்னு பாத்தேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கோபப்பட்டிருந்தால் தேவலை. அப்போதாவது மன்னித்துக்கொள் என்று கேட்டேனா? பழம் இனிப்பாக இருக்கும், சாப்பிடு என்றேன். எழுந்து வந்துவிட்டேன்.

நேற்று முதலாளியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். "நீங்களா அக்கா?" என்று மட்டும் கேட்டார், எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பிறகு, நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது, அவர் வரலாம், ஆனால் நீங்கள்தான் போய்ச் சொல்லவேண்டும் என்றார். ஜின்-ஃபா வருவாரோ மாட்டாரோ தெரியாது. வரமாட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொன்னால் அதையும் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளவேண்டியவள் நான்.

அதனால் எப்படிச் சொல்வது என்று உனக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றுமில்லை. அந்த லோட்டேயும் உனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறாளோ என்னவோ. இதை மடித்து வைத்தவுடன் எழுந்து அவளிடம் போ. எல்லாத் தெய்வமும் உனக்குத் துணை நிற்கட்டும், நல்ல பெயரோடு இரு. கம்பளிச் சட்டையை உள்ளே போட்டுக்கொள், ராத்திரியில் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே, சோறு வை.

நாளைக் காலை ஜின்-ஃபா வீட்டுக்குப் போகிறேன். இந்தத் தடவை பழம் எதுவும் வாங்கிக்கொண்டு போகப்போவதில்லை.

உன் அம்மா,
கோ பி-யுன்