சட்டைமேல் உட்கார்ந்த நீலப் பூச்சிகள்

1943, வெள்ளி இரவு. பிரிக்பீல்ட்ஸ்.

எங்கள் ஸ்டூடியோவுக்கு வரும் ஜப்பான் அதிகாரிக்கு வண்ணத்துப்பூச்சிப் பைத்தியம். தண்டவாளத்தோரம் லாலான் புல்லில் பறக்கும் சின்ன நீலப் பூச்சிகளைப் படமெடுக்கச் சொல்லியிருந்தான். நகத்தளவுதான் இருக்கும், ஓரிடத்தில் நிற்காது. இன்று நின்றன. சயாமில் தண்டவாளம் போட ஆள் ஏற்றிப்போன ரயிலிலிருந்து யாருடைய சட்டையோ விழுந்து கிடந்தது. அதன் வேர்வை உப்புக்கு மொய்த்துக்கொண்டு அசையவே இல்லை. கலைந்துவிடுமோ என்று நான் துணியைத் தொடவில்லை. சிறகை மட்டும் பார்த்துப் பார்த்து எடுத்தேன். திரும்பும்போது சந்தோஷமாகக்கூட இருந்தது.

இருட்டறையில் படத்தைக் கழுவியபோதுதான் சட்டையின் காலர் கண்ணில் பட்டது. அதில் மாங்காய்க் கரை போட்ட ஒட்டு. பக்கத்து வீட்டு சரசக்கா தன் சேலையில் வெட்டி, புருஷன் சட்டைக்குத் தைத்தது. கிள்ளான் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை என்று சொல்லித்தான் அவரை லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் அக்கா வாசலுக்கு வந்தாள். அதே சேலை.

"லைன் பக்கம் போனியாமே தம்பி. கிள்ளான்லேர்ந்து யாராச்சும் திரும்பி வந்தாங்களா?"

"யாரையும் பாக்கலக்கா. பூச்சிதான் எடுத்தேன்."

"அழகா வந்துச்சா?"

"வந்துச்சு."

சிரித்துவிட்டுப் போனாள். நாளை அந்தப் படத்தை அதிகாரியிடம் கொடுத்தாக வேண்டும். நன்றாக இருக்கிறது என்பான்.

மழை பிடித்துக்கொண்டது. சட்டையை எடுத்து வந்திருக்கலாம். அவர் வேர்வை இந்நேரம் கரைந்து போயிருக்கும்.